விட்ட இடத்திலிருந்து...

மூன்றாம் ஆண்டு, மின்னியல் துறை மாணவன்



மலருக்கு ஒரு கட்டுரை கொடு என்று நம்ம சங்கச் செயலாளர் கேட்டதும், டிரான்ஸ்ஃபார்மர் பற்றி எழுதலாமா, சூரிய மின்சக்தி பற்றி எழுதலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். அதெல்லாம் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. இந்த ஒன்றரை வருஷமாக மனசுக்குள் நான் யாரோடு அதிகம் பேசிக்கொண்டிருக்கிறேனோ, அவரைப் பற்றியே எழுதிவிடலாம் என்று முடிவு செய்தேன். அவர் 1934-லேயே மறைந்துவிட்டவர். மேரி கியூரி அம்மையார்.

அவரைத் தெரியாதவர் நம்மில் யார்? ரேடியத்தைக் கண்டுபிடித்தவர், இரண்டு முறை நோபல் பரிசு வாங்கியவர். பள்ளிக்கூடத்தில் ஒரு மார்க் கேள்வி. எனக்கும் அவ்வளவுதான் தெரிந்திருந்தது, மூன்றாம் செமஸ்டர் வரைக்கும்.

அந்த செமஸ்டரில், ஐப்பசி மழை கொட்டிய ஒரு மாலையில், சைக்கிளில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த என் அப்பா லாரி மோதி இறந்துபோனார். ஊரில் சின்னதாக மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தார். நான் டிப்ளமோவில் மின்னியல் எடுத்ததே அந்தக் கடையினால்தான். பதினாறாம் நாள் காரியம் முடிந்து காலேஜுக்குத் திரும்பி வந்தேன். நண்பர்கள் நோட்டு எழுதி வைத்திருந்தார்கள், சார் லேப் ரெக்கார்டுக்கு நாள் கொடுத்தார். எல்லாரும் நல்லவர்கள்தான். ஆனால் எதுவும் உள்ளே போகவில்லை. போர்டில் எழுதுவது தெரியும், புரியாது. அந்த செமஸ்டரில் மூன்று அரியர்.

நூலகத்தில் சும்மா உட்கார்ந்திருந்த ஒரு நாளில், திரும்பி வந்த புத்தகங்களை வைக்கும் மேஜையில் அம்மையாரின் வாழ்க்கை வரலாறு ஒன்று கிடந்தது. புரட்டிய பக்கத்தில் மழை, குதிரை வண்டி, சாலையில் விழுந்து கிடக்கும் கணவர். அதற்குப் பிறகு புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை. அதில் படித்ததையும், பிறகு தேடித் தேடித் தெரிந்துகொண்டதையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பத்து வயதில் முதல் அடி

போலந்து நாட்டின் வார்சா நகரில் 1867 நவம்பர் 7-ல் பிறந்தவர் மரியா ஸ்க்லொடாவ்ஸ்கா. ஐந்து பிள்ளைகளில் கடைசி. அப்பா கணக்கும் இயற்பியலும் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர். அம்மா ஒரு பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியை. நாடு அப்போது ரஷ்யாவின் பிடியில் இருந்தது. பள்ளியில் தாய்மொழியில் பாடம் படிக்கக்கூட உரிமை இல்லாத காலம்.

அம்மாவுக்குக் காசநோய். பிள்ளைகளுக்கும் தொற்றிவிடுமோ என்ற பயத்தில் அவர் கடைக்குட்டியைக்கூட முத்தமிட மாட்டாராம். அந்தக் குழந்தைக்குக் காரணம் புரிந்திருக்குமா? முதலில் மூத்த அக்கா டைபஸ் காய்ச்சலில் போனாள். 1878-ல் அம்மாவும் போய்விட்டார். மரியாவுக்கு அப்போது வயது பத்து.

அவர் படிப்பை விடவில்லை. 1883-ல் தங்கப் பதக்கத்தோடு பள்ளியை முடித்தார். ஆனால் பதக்கம் வாங்கிய கையோடு ஆள் படுத்துவிட்டார். உடம்பும் மனசும் ஒன்றாகச் சோர்ந்துபோயின. அப்பா செய்தது என்ன தெரியுமா? அடுத்து என்ன படிப்பு என்று நச்சரிக்கவில்லை. கிராமத்தில் இருந்த உறவினர் வீடுகளுக்கு ஒரு வருஷம் அனுப்பிவைத்தார். அங்கே புத்தகம் கிடையாது, பரீட்சை கிடையாது. ஆற்றில் குளியல், பனிச்சறுக்கு வண்டி, விடிய விடிய நடனம். இந்த ஒரு வருஷம் வீண் என்று யாராவது சொல்ல முடியுமா? பின்னால் வந்த வருஷங்களைப் பார்த்தால் அதுதான் அஸ்திவாரமோ என்று தோன்றுகிறது.

வேண்டாம் என்று சொல்லப்பட்ட பெண்

வார்சா பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கு இடம் இல்லை. பாரிஸ் போய்ப் படிக்கப் பணம் இல்லை. அக்கா புரோன்யாவும் மரியாவும் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். முதலில் அக்கா பாரிஸ் போய் மருத்துவம் படிப்பது, தங்கை வேலை பார்த்துப் பணம் அனுப்புவது. பிறகு அக்கா தங்கையைப் படிக்க வைப்பது. நம்ம வீடுகளில் அண்ணன் தம்பிகள் செய்துகொள்கிற ஏற்பாடுதான்!

1886 தொடக்கத்தில், தூரத்துக் கிராமம் ஒன்றில் வசதியான குடும்பத்துக்குப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குப் போனார் மரியா. அந்த வீட்டு மூத்த மகன் கணக்கு படிக்கும் மாணவர். இருவருக்கும் மனம் ஒத்துப்போனது. ஆனால் வேலைக்கு வந்த பெண்ணை மருமகளாக ஏற்க முடியாது என்று பெற்றோர் மறுத்துவிட்டார்கள். மகனும் அவர்களை மீறவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், மரியாவால் அந்த வீட்டை விட்டுக் கிளம்ப முடியவில்லை. பாரிஸில் அக்காவுக்கு மாதாமாதம் பணம் போயாக வேண்டும். தன்னை வேண்டாம் என்று சொன்னவர்கள் வீட்டிலேயே, அவர்கள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டு 1889 வரை இருந்தார். அந்த வருஷங்களில் உறவினர்களுக்கு எழுதிய கடிதங்களில் எதிர்காலமே இல்லாதவர்போல எழுதியிருக்கிறார். அப்படி எழுதியவர்தான் ராத்திரியில் தனியாக இயற்பியலும் கணக்கும் படித்தார். அக்கம்பக்கத்து விவசாயக் குழந்தைகளைக் கூட்டிவைத்து, அரசாங்கத்துக்குத் தெரியாமல் போலிஷ் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். நம்பிக்கை வந்த பிறகு வேலையைத் தொடங்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. நம்பிக்கை இல்லாத நாட்களிலும் கை பாட்டுக்கு ஏதோ ஒன்றைச் செய்துகொண்டே இருந்தது.

கொட்டகையில் கிடைத்த வெளிச்சம்

1891-ல் பாரிஸ் போனார். மரியா மேரி ஆனார். 1893-ல் இயற்பியல் பட்டத்தில் முதல் இடம், 1894-ல் கணிதத்தில் இரண்டாம் இடம். அந்த 1894-ல்தான் பியர் கியூரியைச் சந்தித்தார். பியர் பெரிய பல்கலைக்கழகத்துக்காரர் அல்ல. தொழில் சார்ந்த இயற்பியலும் வேதியியலும் கற்பிக்கும் நகராட்சிப் பள்ளி ஒன்றில் வேலை பார்த்தவர். கிட்டத்தட்ட நம்ம பாலிடெக்னிக் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்! 1895 ஜூலையில் எளிமையாகத் திருமணம். பரிசாக வந்த பணத்தில் இரண்டு சைக்கிள் வாங்கி ஊர் சுற்றினார்கள்.

அந்தப் பள்ளியின் ஒழுகுகிற கொட்டகையில்தான் உலகம் அறிந்த வேலை நடந்தது. 1898 ஜூலையில் பொலோனியம், டிசம்பரில் ரேடியம். டன் கணக்கில் தாதுக் கழிவைக் கொதிக்கவைத்து, தன் உயரத்துக்கு இருந்த இரும்புக் கம்பியால் கிளறி, 1902-ல் கையில் கிடைத்தது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடியம் குளோரைடு. 1903-ல் பெக்கரலோடு சேர்த்துக் கணவன் மனைவி இருவருக்கும் நோபல் பரிசு. இதெல்லாம் நமக்குத் தெரிந்த கதை. அதே 1903-ல் அவருடைய கர்ப்பம் குறை மாதத்தில் கலைந்ததும், பல வாரங்கள் அவர் நொறுங்கிப்போய்க் கிடந்ததும் நம்ம பாடப் புத்தகத்தில் இல்லை.

1906 ஏப்ரல் 19

வியாழக்கிழமை. மழை. பாரிஸின் குறுகலான ஒரு தெருவைக் கடக்கும்போது பியர் சறுக்கி, பாரம் ஏற்றிய குதிரை வண்டியின் கீழே விழுந்தார். பின்சக்கரம் தலைமேல் ஏறிவிட்டது. அதே இடத்தில் உயிர் போய்விட்டது. வயது 46.

மேரி வெளியே போயிருந்தார். மாலையில் வீடு திரும்பியபோதுதான் சொன்னார்கள். மூத்த மகள் ஐரீனுக்கு எட்டு வயது, இளையவள் ஈவ் பதினாறு மாதக் குழந்தை. அம்மா அழவில்லை, கல்லாக நின்றுவிட்டார் என்று அந்த ஈவ்தான் பின்னாளில் எழுதினார்.

எங்கள் வீட்டிலும் அன்றைக்கு அழாதவன் நான்தான். மாமா தோளைத் தட்டி அழுதுடுடா என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வரவில்லை. எனக்கு ஏதோ கோளாறு, பாசம் இல்லாதவனோ என்று பல மாதம் என்னையே நான் சந்தேகப்பட்டேன். இந்தப் பக்கத்தைப் படித்த அன்றைக்குத்தான் அந்தச் சந்தேகம் போனது. நூலகத்தில் உட்கார்ந்தபடியே அழுதேன்.

அடுத்து அவர் செய்தவற்றைக் கவனியுங்கள். அரசாங்கம் உதவித் தொகை தர முன்வந்தது. எனக்கு உழைக்கத் தெம்பிருக்கிறது என்று மறுத்துவிட்டார். ஏப்ரல் 30 அன்று ஒரு நாட்குறிப்பைத் தொடங்கினார். அதில் பியரை நேரில் பார்த்துப் பேசுவதுபோல எழுதினார். சவப்பெட்டிக்குள் என்ன வைத்தார்கள், கடைசியாக வீட்டில் என்ன பேசினோம், இன்று ஆய்வகத்தில் என்ன நடந்தது என்று எல்லாம். ஒரு வருஷம் போல விட்டுவிட்டு எழுதினார். யாருக்கும் காட்டவில்லை.

விபத்தன்று பியர் போட்டிருந்த ரத்தம் தோய்ந்த துணிகளை அவர் ஒரு பொட்டலமாகக் கட்டி வைத்திருந்தார். சில வாரங்கள் கழித்து, உடன் இருந்த அக்கா புரோன்யாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கணப்பில் நெருப்பை மூட்டச் சொல்லி, துணியைத் துண்டு துண்டாக வெட்டித் தீயில் போட்டார். பாதியில் அவரால் முடியவில்லை. அக்கா கத்தரிக்கோலை வாங்கி மீதியை முடித்தார். இந்த இடம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. உலகமே வியந்த அந்த மன உறுதிக்காரியும் அந்த வேலையைத் தனியாகச் செய்யவில்லை. பக்கத்தில் ஓர் ஆள் தேவைப்பட்டது.

நவம்பர் 5, மதியம் ஒன்றரை மணி

பியர் வகித்த பேராசிரியர் பணியைச் சார்போன் பல்கலைக்கழகம் மேரிக்குக் கொடுத்தது. அங்கே ஒரு பெண் பாடம் நடத்துவது அதுவே முதல் முறை. 1906 நவம்பர் 5, மதியம் ஒன்றரை மணிக்கு முதல் வகுப்பு. மாணவர்கள் மட்டுமா வந்தார்கள்? பத்திரிகைக்காரர்கள், பெரிய மனிதர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று கூடம் வழிந்தது. வழக்கப்படி முதலில் நன்றி சொல்லி, முன்பு அந்த இடத்தில் இருந்தவரைப் புகழ்ந்து பேச வேண்டும். அம்மையார் என்ன சொல்லப் போகிறார், உடைந்து அழுவாரா என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

அவர் வந்தார். கைதட்டல் அடங்கும் வரை நின்றார். பியர் தன் கடைசி வகுப்பில் பாடத்தை எந்த இடத்தில் நிறுத்தியிருந்தாரோ, சரியாக அந்த இடத்திலிருந்து தொடங்கினார். முடித்ததும் வந்த வழியே போய்விட்டார். அழுதவர்கள் கேட்க வந்தவர்கள்தான்.

நண்பர்களே, இதைப் படித்தபோது எனக்கு எங்கள் கடை ஞாபகம் வந்தது. அப்பா போன பிறகு பூட்டிய கடை. உள்ளே பெஞ்சின் மேல் ஒரு விவசாயியின் 5 எச்.பி. பம்ப் மோட்டார். ஸ்டேட்டரில் இரண்டு பேஸ் காயில் இறக்கியாகிவிட்டது. மூன்றாவது பேஸ் பாக்கி. அந்த விவசாயி இரண்டு முறை வீட்டுக்கு வந்து, வாய் திறந்து கேட்க மனசில்லாமல், காப்பி குடித்துவிட்டுப் போயிருந்தார்.

அந்த வார லீவில் ஊருக்குப் போய்க் கடையைத் திறந்தேன். அப்பாவின் நோட்டில் எல்லாம் இருந்தது. எத்தனை சுற்று, என்ன கேஜ் கம்பி, எந்த ஸ்லாட்டிலிருந்து எந்த ஸ்லாட்டுக்கு. அவர் கையெழுத்தைப் பார்த்ததும் முதல் நாள் எதுவும் செய்ய முடியவில்லை. பூட்டிவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் அம்மா கூட வந்து பேசாமல் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். அப்பா விட்ட ஸ்லாட்டிலிருந்து ஆரம்பித்தேன். இன்சுலேஷன் பேப்பர் வைத்து, காயிலை இறக்கி, ஆப்படித்து, கனெக்ஷன் கொடுத்து, மெக்கர் வைத்துப் பார்த்து, வார்னிஷ் விட்டு முடிக்க மூன்று வார லீவு ஆனது. மோட்டார் ஓடியது. அன்று ராத்திரிதான் பல மாதத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

ஆறிய புண்ணும் ஆறாத புண்ணும்

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் கட்டுரை அழகாக முடியும். ஆனால் அது உண்மை இல்லை. அம்மையார் வாழ்க்கையிலும் இல்லை.

கணவர் பெயரைப் பிள்ளைகள் முன்னால் அவர் உச்சரிக்கவே மாட்டாராம். அந்த வீட்டில் சிரிப்பைக் காப்பாற்றியவர் மாமனார், மருத்துவர் யூஜின் கியூரி. மகனை இழந்த கிழவர், பேத்திகளுக்குத் தோட்ட வேலையும் தாவரமும் கதையும் சொல்லிக்கொடுத்தார். 1910-ல் அவரும் போய்விட்டார். அப்பாவைப் பற்றிப் பேசாத வீடு குழந்தைகளுக்கு எவ்வளவு கனமாக இருந்திருக்கும்! இந்த ஒரு விஷயத்தில் அம்மையார் வழி எனக்குச் சரியாகப் படவில்லை. எங்கள் வீட்டில் இப்போது சாப்பிடும்போது அப்பா அடித்த ஜோக்கைச் சொல்லிச் சிரிக்கிறோம். தங்கைக்கு அதுதான் மருந்து.

1911 இன்னொரு பேரிடி. ஜனவரியில் பிரெஞ்சு அறிவியல் கழகத் தேர்தலில் மிகக் குறைந்த வாக்கில் தோற்றார். நவம்பரில், விஞ்ஞானி லாஞ்செவினோடு அவருக்கிருந்த நெருக்கத்தைப் பத்திரிகைகள் தெருவுக்கு இழுத்தன. லாஞ்செவின் மனைவி பிள்ளைகள் உள்ளவர். ஊரே பேசியது. வீட்டு வாசலில் கும்பல் கூடியது. பிள்ளைகளோடு நண்பர் வீட்டில் தஞ்சம் புக வேண்டியதாயிற்று. அதே நேரத்தில் இரண்டாவது நோபல் பரிசு அறிவிப்பு. பரிசு வாங்க நேரில் வராமல் இருப்பது நல்லது என்று ஸ்வீடனிலிருந்து கடிதம் வந்தது. பரிசு என் ஆராய்ச்சிக்கு, என் சொந்த வாழ்க்கைக்கு அல்ல என்ற பொருளில் பதில் எழுதிவிட்டு, டிசம்பரில் அக்காவையும் ஐரீனையும் அழைத்துக்கொண்டு நேரில் போய் வாங்கினார்.

திரும்பி வந்ததும் விழுந்தார். அந்த மாதக் கடைசியில் மருத்துவமனை. 1912-ல் சிறுநீரக அறுவை சிகிச்சை. கூடவே மனச்சோர்வு. ஓராண்டுக்கு மேல் ஆய்வகக் குறிப்பேடு வெறுமையாகக் கிடந்தது. அந்த வருஷக் கோடையில் இங்கிலாந்தில் ஒரு தோழி அவரைத் தன்னோடு வைத்துப் பார்த்துக்கொண்டார். வெளியுலகத்துக்குத் தெரியாமலிருக்கப் பிறந்த வீட்டுப் பெயரில் தங்கவைத்தார். அந்தத் தோழி யார் தெரியுமா? ஹெர்த்தா அயர்ட்டன். நம்ம துறைக்காரர்! மின்வில் விளக்கு ஏன் சீறுகிறது என்று ஆராய்ந்து, 1899-ல் இங்கிலாந்தின் மின் பொறியாளர் நிறுவனத்தில் முதல் பெண் உறுப்பினரானவர். அவரும் கணவரை இழந்தவர்தான். 1912 இறுதியில் மேரி மறுபடி ஆய்வகத்துக்குள் வந்தார்.

ஒரு முறை எழுந்தவர் மறுபடி விழலாம். விழுந்தால் முதலில் எழுந்தது பொய் ஆகிவிடாது. இதைத்தான் நான் 1911-ல் படித்துக்கொண்டேன்.

டைனமோவும் எக்ஸ்ரே வண்டியும்

1914-ல் போர் வந்தது. தன்னை ஏசிய அதே நாட்டின் காயம்பட்ட சிப்பாய்களுக்காக அவர் கிளம்பினார். குண்டு உடம்பில் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் கத்தி வைக்க வேண்டிய நிலை. போர்முனையில் எக்ஸ்ரே இல்லை, மின்சாரமும் இல்லை. மோட்டார் காரில் எக்ஸ்ரே கருவியை ஏற்றி, கார் எஞ்சினாலேயே டைனமோவைச் சுழற்றி மின்சாரம் எடுத்தார். இருபது வண்டிகள், சுமார் 200 நிலையான எக்ஸ்ரே கூடங்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பரிசோதனைகள். கார் ஓட்டக் கற்றுக்கொண்டார், டயர் மாற்றினார், கார்புரேட்டரைச் சுத்தம் செய்தார். சுமார் 150 பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார். பதினேழு வயது ஐரீன் அம்மாவோடு போர்முனைக்குப் போனாள். அந்த ஐரீன் தன் கணவரோடு 1935-ல் நோபல் பரிசு வாங்கினார்.

அதைப் பார்க்க அம்மா இல்லை. 1934 ஜூலை 4 அன்று, எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறாமல் போகும் நோயால் அம்மையார் மறைந்தார். வருஷக் கணக்காகப் பாதுகாப்பில்லாமல் கதிர்வீச்சில் வேலை செய்ததன் விளைவு. அவருடைய குறிப்பேடுகளில் இன்றும் கதிரியக்கம் இருப்பதால் ஈயப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். 1995-ல் அவரையும் பியரையும் பாரிஸில் நாட்டின் பெரியவர்கள் துயிலும் பாந்தியோன் மண்டபத்துக்கு மாற்றினார்கள்.

முடிக்கும் முன்...

அம்மையாரின் நாட்குறிப்பைப் பற்றி எழுதினேன் அல்லவா? 1986-ல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் இதையே சோதித்துப் பார்த்தார். நம்மைப் போன்ற மாணவர்களை, மனசை வாட்டும் விஷயத்தைத் தொடர்ந்து நான்கு நாள், தினம் பதினைந்து நிமிஷம் எழுதச் சொன்னார். எழுதி முடித்ததும் அவர்களுக்கு மனம் இன்னும் கனத்தது. ஆனால் நடந்ததையும் அதில் தாங்கள் பட்டதையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த மாதங்களில் டாக்டரைத் தேடிப் போனது மற்றவர்களைவிடக் குறைவு. பின்னால் நடந்த ஆய்வுகளில் பலன் சிறிதுதான், எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை என்று தெரிந்தது. சர்வரோக நிவாரணி இல்லை. ஆனாலும் ஒரு நாற்பது பக்க நோட்டுக்கு என்ன செலவாகிவிடப் போகிறது?

நம்ம ஹாஸ்டலில் சிரித்துக்கொண்டே திரிகிற எத்தனை பேர் உள்ளுக்குள் எதையோ சுமக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? வீட்டில் சாவு, காதலில் ஏமாற்றம், அரியர், அவமானம். அவர்களுக்கு என்னால் அறிவுரை சொல்ல முடியாது. நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். அழுகை வராவிட்டால் குற்றமில்லை. ஒரு வருஷம் சும்மா இருக்க நேர்ந்தாலும் வாழ்க்கை போய்விடாது. கத்தரிக்கோலை வாங்கிக்கொள்ள ஓர் அக்காவோ, பேசாமல் ஸ்டூலில் உட்கார ஓர் அம்மாவோ, அறை நண்பனோ வேண்டும். கூப்பிடுங்கள், வருவார்கள். அதற்கும் மேலே கனத்தால் டாக்டரிடம் போவதில் வெட்கமே இல்லை.

மூன்று அரியரில் இரண்டைக் கிளியர் பண்ணிவிட்டேன். ஒன்று பாக்கி. கடை சனி ஞாயிறு திறந்திருக்கிறது. அப்பாவின் நோட்டில் அவர் எழுதி நிறுத்திய பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் இப்போது என் கையெழுத்து ஓடிக்கொண்டிருக்கிறது.